கார்ட்டூன் தவளையும் ‘தேரை விழுந்த’ குழந்தையும்

குழந்தை காரணம் தெரியாமல் மெலிந்து, கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பி நின்றால் ‘தேரை விழுந்துருச்சு’ என்று சொல்வது எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் இன்றும் உண்டு. தேரை குழந்தையின் மேல் தாவியிருக்கும், இல்லாவிட்டால் அதன் நிழலாவது பட்டிருக்கும், அது சத்தை உறிஞ்சிவிட்டது என்பது நம்பிக்கை. விவரம் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். இதே தேரையைத் தென்னந்தோப்பிலும் குற்றவாளி ஆக்கியிருக்கிறோம். உள்ளே பருப்பு பிடிக்காத தேங்காயைத் ‘தேரை மோந்த காய்’ என்கிறோம். மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததும், போரான், சாம்பல் சத்து போன்றவை குறைவதும் அதற்குக் காரணங்கள் என்று வேளாண் துறையினர் சொல்கிறார்கள். விவசாயிகளும் கேட்டுக்கொண்டு மரத்துக்கு உரம் வைக்கிறார்கள். குழந்தை விஷயத்தில்தான் தேரைக்கு இன்னும் விடுதலை கிடைக்கவில்லை.

குழந்தை மருத்துவராக இங்கே வேலை செய்யும் எனக்கு இது அடிக்கடி எதிர்ப்படும் விஷயம். தேரை விழுந்தது என்று சொல்லித் தூக்கி வரப்படும் குழந்தை பெரும்பாலும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவில் இருக்கும். சாப்பாட்டில் போதிய ஆற்றல் கிடைக்காதபோது உடல் முதலில் கொழுப்பைக் கரைக்கும், பிறகு தசையைக் கரைக்கும். தொடையிலும் பிட்டத்திலும் தோல் தொங்கும். வயிற்றுத் தசை வலுவிழந்து குடல் முன்னுக்குத் தள்ளும். சில குழந்தைகளுக்கு நீர் கோத்துப் பாதம் வீங்கும், கல்லீரலில் கொழுப்பு படிந்து வயிறு இன்னும் பெருக்கும். பார்க்கத் தேரை மாதிரி இருப்பது உண்மைதான். அதைக் கவனித்த நம் பாட்டிமார்களின் கண் கூர்மையானது, காரணத்தைத்தான் வேறெங்கோ தேடினார்கள். காசநோய், பிறவி இதயக் கோளாறு, சிறுநீர்த் தொற்று, விடாத வயிற்றுப்போக்கு என்று உள்ளே வேறு நோய் ஒளிந்திருப்பதும் உண்டு. மந்திரிக்க ஒரு வாரம், கறுப்புக் கயிறு கட்டி இன்னொரு வாரம், பலன் தெரிகிறதா என்று பார்க்க மேலும் சில வாரம் என்று நாள் போகிறது. இப்படி மெலிந்த உடம்புக்குச் சாதாரண வயிற்றுப்போக்கே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அந்த வாரங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பேச்சை ஆயாக்களிடம் தொடங்குவது சுலபமில்லை. “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த முறை வரமாட்டார்கள். மகனும் மருமகளும் பெங்களூருவிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்க, பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர்கள் அவர்கள். எனக்கு வழி காட்டியவன் ஒரு பள்ளிக்கூடப் பையன். மெலிந்துபோன தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஆயா தேரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இவன் குறுக்கே புகுந்தான்.

“ஆயா, தேரை நல்லது ஆயா. நிஞ்ஜா கூப்பிட்டா மலை மாதிரி ஒரு தேரை வரும். அது மேல ஏறி நின்னுதான் சண்டை போடுவாரு.”

“சும்மா இருடா, டாக்டரம்மாகிட்ட பேசிட்டிருக்கேன்ல.”

“இருங்க ஆயா, அவன் சொல்லட்டும். அந்தத் தேரை என்ன கண்ணு பண்ணும்?”

வாயில் புகைக்குழாய், இடுப்பில் கத்தி, கோபம் வந்தால் எண்ணெயைப் பீய்ச்சும் என்று அவன் நடித்தே காட்டினான். ஆயா சிரித்துவிட்டார். தேரையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேச முடியும் என்று ஆனபிறகு, தம்பிக்குக் காலையில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பது எளிதாகிவிட்டது. அதிலிருந்து என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம், “உனக்குத் தெரிஞ்ச தவளை யாரு?” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அவன் சொன்னது நருட்டோ என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில் வரும் தேரை. அதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. தேரை வித்தை தெரிந்த ஜிராயா என்ற வீரனின் கதை ஜப்பானில் 1839-இல் நூலாக வரத் தொடங்கியது. நருட்டோவில் தேரைகளை அழைக்கும் குருவின் பெயரும் ஜிராயாதான். அதற்கும் பல நூற்றாண்டு முன்பு, 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வரையப்பட்டு, கியோட்டோவின் கோசான்-ஜி ஆலயத்துக்குச் சொந்தமான ஓவியச் சுருளில் தவளைகள் முயல்களோடு மல்யுத்தம் செய்கின்றன. அமெரிக்காவில் அப் ஐவர்க்ஸ் 1930-இல் வால்ட் டிஸ்னியிடமிருந்து பிரிந்து வந்து திரைக்குக் கொண்டுவந்த முதல் நாயகனும் ஃபிளிப் என்ற தவளை. ஓவியர்கள் ஏன் இதையே தேடிப் போகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. பெரிய தலை, இல்லாத கழுத்து, விரிந்த வாய், விரல் உள்ள கை. நிமிர்த்தி நிறுத்தினால் பேசத் தொடங்கிவிடும் உருவம். கண்ணுக்கோ கார்ட்டூனில்லாமலேயே வேலை அதிகம். நிஜத் தவளை விழுங்கும்போது கண்களை உள்ளே இழுத்து, அவற்றால் இரையைத் தொண்டைக்குள் தள்ளும். இதைச் சொன்னால் பிள்ளைகள் எல்லாரும் கண்ணை இறுக்கி மூடி எச்சில் விழுங்கிப் பார்க்கிறார்கள். தொண்டை பார்க்க வாய் திறக்காத குழந்தையும் அப்போது திறந்துவிடுகிறது.

ஆனால் கார்ட்டூன் உலகம் எல்லா இடத்திலும் தேரைக்கு நியாயம் செய்யவில்லை. பச்சை நிறம், வழவழப்பான தோல் என்றால் அது இளவரசன், நண்பன், பாடகன். பழுப்பு நிறம், மேடும் பள்ளமுமான தோல் என்றால் சூனியக்காரியின் கூட்டாளி, பேராசைக்காரன், அடியாள். ஐரோப்பிய மந்திரக் கதைகளில் இருந்த வழக்கம் திரையில் அப்படியே தொடர்கிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு. ஏனென்றால் தோலைப் பார்த்துக் குணத்தைச் சொல்லும் இந்தப் பாடம் வகுப்பறை வரை போகிறது. கையில் மரு உள்ள பிள்ளையை, கரப்பான் என்ற தோல் நோய் வந்து தோல் தடித்த பிள்ளையை, மற்றவர்கள் ‘தேரை’ என்று கூப்பிடுகிறார்கள். கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டே என் முன்னால் உட்காரும் பெண் குழந்தைகள் இருக்கிறார்கள்.

தேரையின் முதுகில் இருப்பவை சுரப்பிகள். அதைத் தொடுவதால் மரு வராது. மரு மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வைரஸால் வருகிறது, தவளை தேரையிடம் அந்த வைரஸ் கிடையாது. நகம் கடிப்பதும், ஒரே துண்டை எல்லாரும் பயன்படுத்துவதும் பரவ உதவும். குழந்தைகளுக்கு வரும் மரு பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறையும். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்துத் தோல் வெந்துபோய் வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேரை வில்லனாக வரும் படத்தைப் பிள்ளையோடு பார்க்க நேர்ந்தால், “அது முதுகுல இருக்கறது அதோட பாதுகாப்புக்கு” என்று ஒரு வரி சொல்லுங்கள். அந்த ஒரு வரி பிள்ளைக்கு நினைவிருக்கும்.

எனக்கு மிகவும் பயன்படும் பாத்திரம் போக்கிமான் என்ற ஜப்பானியக் கார்ட்டூனில் வரும் பாலிவாக். தலைப்பிரட்டை உருவம், வயிற்றில் ஒரு சுருள் கோடு. அந்தச் சுருள் வெறும் அலங்காரமாக வந்ததில்லை. பல தலைப்பிரட்டைகளின் வயிற்றுத் தோல் கண்ணாடி போல இருப்பதால் உள்ளே சுருண்ட குடல் வெளியே தெரியும். பெரும்பாலும் பாசியைத் தின்பதால் அதற்கு நீளமான குடல் வேண்டும். தவளையாக மாறிப் பூச்சி தின்னத் தொடங்கும் காலத்தில் அந்தக் குடல் சுருங்கிக் குட்டையாகிவிடும். இதைப் பிள்ளையிடம் சொல்லும் சாக்கில் ஆயாவுக்கும் சொல்கிறேன்: பாலிலிருந்து சோற்றுக்கு மாறுகிற வயது நம் குழந்தைக்கும் பெரிய மாற்றம். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவு தொடங்க வேண்டும். தாய் வெளியூரில் இருக்கும் வீடுகளில் தண்ணீர் கலந்த பாலும் பிஸ்கட்டுமாகவே ஒன்றரை வயது வரை ஓடிவிடுகிறது. நான் பார்க்கும் ‘தேரை’ பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

தேரையர் என்ற சித்தரின் கதையையும் ஆயாக்களிடம் சொல்வேன், பலருக்கு அது முன்பே தெரியும். தீராத தலைவலியில் கிடந்த அரசனின் மண்டையைத் திறந்தபோது மூளையின் மேல் ஒரு தேரை உட்கார்ந்திருந்ததாம். அதை எடுப்பது எப்படி என்று குரு அகத்தியர் யோசித்து நிற்க, சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து சலசலக்கச் செய்தானாம். சத்தம் கேட்ட தேரை தானே தண்ணீருக்குள் குதித்ததாம். தலைக்குள் தேரை வாழ முடியாது, இது கதைதான். ஆனாலும் என்ன அழகான காட்சி! நம் ஊர் ஓவியர் யாராவது இதைக் கார்ட்டூனாகச் செய்து தரமாட்டார்களா என்று எனக்குப் பெரிய ஆசை. “அவங்க தண்ணியக் காட்டி எடுத்தாங்க ஆயா, நாம சாப்பாட்டக் காட்டி எடுப்போம். கயிறு இருந்துட்டுப் போகட்டும், இன்னைக்கே எடை மட்டும் பாத்துடலாம்” என்றால் மறுப்பவர்கள் குறைவு.

கார்ட்டூனை இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. போனில் படம் ஓடவிட்டுச் சோறு ஊட்டாதீர்கள். திரையைப் பார்க்கும் குழந்தை மெல்லுவதில்லை, பசியும் வயிறு நிறைந்ததும் அதற்குத் தெரிவதில்லை. சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். போனை எடுத்தால் அழுகை, அதோடு சாப்பாடும் நிற்கும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. அந்த ஒரு மணியும் பெரியவர் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே பார்ப்பதாக இருக்கட்டும்.

வீட்டில் என்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு: 3 கிலோவில் பிறந்த குழந்தை ஐந்தாம் மாதத்தில் ஏறக்குறைய 6 கிலோவும், ஒரு வயதில் 9 கிலோவும் இருக்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டும், 11.5-க்குக் கீழே இருந்தால் ஆபத்து. அங்கன்வாடியில் கேட்டால் அளந்து சொல்வார்கள். இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். குழி அப்படியே நின்றால் அன்றைக்கே தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போய்விடுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

அந்த அளவுக்குப் போகாத குழந்தைக்கு நம் மண்ணில் விளைவதே போதும். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் தண்ணீராகக் காய்ச்சிய கூழ் வயிற்றை நிரப்புமே தவிர எடையை ஏற்றாது. கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் செய்யுங்கள். அதில் ஒரு ஸ்பூன் கடலை எண்ணெயோ நெய்யோ விட்டு, வறுத்துப் பொடித்த நிலக்கடலை சேருங்கள். முட்டை, மசித்த பருப்பு, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு எல்லாம் சேரட்டும். சின்ன வயிறு என்பதால் மூன்று வேளை போதாது, நடுவில் இரண்டு முறை சிற்றுண்டி வேண்டும்.

மழை பெய்து வீட்டுக்குள் நிஜத் தேரை வந்துவிட்டால் முறத்தில் தள்ளி வெளியே விடுங்கள். உப்புப் போடாதீர்கள். தவளையும் தேரையும் தோல் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கின்றன, உப்பு அந்தத் தண்ணீரை வெளியே இழுத்துத் துடிக்க வைத்துக் கொன்றுவிடும். கரையானும் எறும்பும் வண்டும் தின்று நமக்கு உதவும் உயிர் அது. பிள்ளைகள் தொட்டுப் பார்த்தால் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். கழுவாமல் வாயில் வைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை, மீன்தொட்டியில் வளர்க்கும் குட்டித் தவளைகளிடமிருந்து சால்மோனெல்லா கிருமி பரவி 44 மாநிலங்களில் 376 பேர் நோய்ப்பட்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து தேரை விடும் பால் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். அந்தப் பாலில் உள்ள நஞ்சு இதயத் துடிப்பைக் குலைக்கும். தேரையைத் தின்று இறந்தவர்கள் ஆசிய நாடுகளில் இருக்கிறார்கள். ஆகவே இளைப்புக்கு மருந்து, தோஷத்துக்கு மருந்து என்று யார் சொன்னாலும் தேரைக் கறியையோ அதைச் சுட்ட சாம்பலையோ குழந்தையின் வாயில் வைக்காதீர்கள்.