எண் போகட்டும், ரிவெட் இருக்கட்டும்

சென்ற மாதம் ஒருவர் மாடல் ரயிலின் சரக்குப் பெட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். எச்ஓ அளவு, அதாவது 1:87, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அமெரிக்க ரயில்களின் 40 அடிப் பெட்டி இந்த அளவில் சுமார் 14 சென்டிமீட்டர் வரும். பக்கவாட்டில் எண் இருந்த இடம் மெழுகு உருகியதுபோல் குழைந்து கிடந்தது. எண்ணை மாற்றுவதற்காக நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் துடைத்திருக்கிறார். எண்ணோடு ரிவெட் வரிசையும், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணித் தலைகளின் புடைப்பும், போய்விட்டது.

அவர் நினைத்தது நியாயமானதுதான். நிஜத்தில் ஒரு ரயில்வேயின் இரண்டு பெட்டிகளுக்கு ஒரே எண் இருக்காது. ஒரே மாடலில் மூன்று வாங்கினால் பெரும்பாலும் மூன்றிலும் ஒரே எண்தான் இருக்கும். மாற்றத்தான் தோன்றும். ஆனால் பல ரிமூவர்களில் அசிட்டோன் இருக்கிறது. பெட்டி செய்யப்படும் பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்குகளை அது கரைத்துவிடும். லேக்கர் தின்னரும் அப்படித்தான். இரண்டையும் மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

தொழிற்சாலையில் இந்த எழுத்துகளைப் பேட் பிரிண்டிங் முறையில் பதிக்கிறார்கள். மெத்தென்ற சிலிக்கோன் திண்டு மையை எடுத்து, ரிவெட்டின் தலையிலும் பள்ளத்திலும் படிந்து பதிக்கிறது. அதனால் எழுத்து என்பது பெயின்ட்டுக்கு மேல் கிடக்கும் மெல்லிய மைப்படலம் மட்டுமே. அதைச் சுரண்ட வேண்டியதில்லை, ஊறவைத்தால் போதும்.

நான் முதலில் எடுப்பது டீகாலை, அதாவது மாடலில் ஒட்டும் மெல்லிய எழுத்துப் படலத்தை, இளக்கும் திரவம்: மைக்ரோ சால் அல்லது சால்வாசெட். டிஷ்யூ தாளை எண்ணின் அளவுக்குக் கிழித்து, நனைத்து, மேலே ஒட்டிவைப்பேன். சில நிமிடம் கழித்து, முனை மழுங்கிய பல்குத்தும் குச்சியால் மெல்லத் தள்ளிப் பார்ப்பேன். மை இளகியிருந்தால் சுருண்டு வரும். வராவிட்டால் மறுபடி நனைப்பேன், அழுத்தமாட்டேன். அழுத்தினால் முதலில் தேய்வது புடைத்து நிற்கும் ரிவெட் தலைதான். அழிரப்பரைத் தட்டையாக வைத்துத் தேய்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ரப்பரைக் கூராக வெட்டி, ரிவெட்டுகளுக்கு இடையே மட்டும் ஓட்டுங்கள்.

அதற்கும் அசையாத மைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பிளாஸ்டிக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சில கம்பெனிகளின் அடி நிறத்தையே தூக்கிவிடும். கண்ணில் படாத கீழ்விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் நான் எண்ணைத் தொடுவதே இல்லை. சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் அது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ வேண்டாம், கையுறை கட்டாயம்.

முழு எண்ணையும் அழிக்க வேண்டியதில்லை என்பதைப் பலரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கடைசி ஓரிரு இலக்கத்தை மாற்றினாலே அது வேறு பெட்டி. அழித்த இடத்தில் பழைய எழுத்தின் நிழல் லேசாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம். கிளியர் எனும் நிறமற்ற பூச்சில் பளபளப்பானதைப் பூசி, புது இலக்க டீகால் ஒட்டி, மேலே பளபளப்பில்லாத மேட் கிளியர் அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். பளபளப்புப் பூச்சைத் தவிர்த்தால் டீகாலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்தாற்போல் தெரியும்.

அவருடைய பெட்டிக்கு, உருகிய பகுதியைப் பள்ளம் நிரப்பும் புட்டிப் பசை வைத்துச் சமப்படுத்தி, பிசினில் செய்த ரிவெட் டீகால்களை வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மாலைகள் ஆகிவிட்டன, இன்னும் ஒரு வரிசை பாக்கி.