வந்த வழியே ஏன் திரும்புவதில்லை நரம்புத் துடிப்பு?

நரம்பில் ஓடுவது மின்துடிப்புதான் என்றால் அது ஏன் பாதி வழியில் திரும்பி வருவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மிக நியாயமான கேள்வி. ஏனெனில் ஆய்வகத்தில் நரம்பிழையின் நடுப்பகுதியைத் தூண்டினால் துடிப்பு இரு பக்கமும் கிளம்பி ஓடுகிறது. இழைக்கு ஒருவழிப் பாதை என்ற விதி எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு திசையில் கிளம்பிவிட்ட துடிப்பு திரும்புவதில்லை.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். நரம்பணுவுக்கு வெளியே சோடியம் அயனிகள் மிகுதி, உள்ளே பொட்டாசியம் மிகுதி. மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் புரதப் பம்புகள் இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கின்றன. பொட்டாசியம் சற்றே கசிந்து வெளியேறுவதால், ஓய்வு நிலையில் நரம்பணுவின் உட்புறம் ஏறக்குறைய மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் நிற்கிறது. ஏதேனும் ஒரு தூண்டல் அதை மைனஸ் 55 வரை ஏற்றிவிட்டால் நரம்பணுவைச் சூழ்ந்த சவ்வில் உள்ள சோடியம் கால்வாய்கள், அதாவது சோடியம் நுழைவதற்கான புரதத் துளைகள், திறக்கின்றன. உள்ளே பாயும் சோடியம் மின்னழுத்தத்தை மேலும் உயர்த்த, அண்டையிலுள்ள கால்வாய்களும் திறந்துகொள்ள, துடிப்பு முன்னேறுகிறது.

வியப்பு அந்தக் கால்வாயின் அமைப்பில் இருக்கிறது. அதற்கு இரண்டு கதவுகள். மின்னழுத்தம் உயர்ந்தவுடன் முதல் கதவு சட்டெனத் திறக்கிறது. அதே உயர்வுக்குக் கட்டுப்பட்டு, ஆனால் சற்றுத் தாமதமாக, உட்புறத்தில் உள்ள ஒரு மூடி வந்து துளையை அடைக்கிறது. திறக்கச் சொல்வதும் மூடச் சொல்வதும் ஒரே ஆணை! இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிவினாடிதான் சோடியம் உள்ளே நுழைவதற்கான அவகாசம். அடைத்த மூடி, மின்னழுத்தம் பழைய ஓய்வு நிலைக்கு இறங்கும்வரை அசையாது. எனவே துடிப்பு இப்போதுதான் கடந்துவந்த பகுதி சிறிது நேரம் எந்தத் தூண்டலுக்கும் செவிசாய்க்காது. முன்னால் உள்ள பகுதி மட்டுமே தயாராக இருக்கிறது.

ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் மின்னோட்டத்தை அளந்த பிரிட்டிஷ் உடலியங்கியல் அறிஞர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், கால்வாய் என்ற புரதத்தை யாரும் கண்டிராத 1952இலேயே, இப்படித் திறப்பும் அடைப்பும் தனித்தனிச் செயல்களாக இருந்தாக வேண்டும் என்று சமன்பாடுகளில் எழுதிவிட்டனர். 1973இல் கிளே ஆர்ம்ஸ்டிராங்கும் உடன் ஆய்வாளர்களும் அதே இழைக்குள் புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் செலுத்திப் பார்த்தனர். கால்வாய்கள் வழக்கம்போலத் திறந்தன, அடைபடத்தான் இல்லை. நொதி உள்ளிருந்தபடியே மூடியை மட்டும் தின்றுவிட்டிருந்தது.

கணவாயின் நரம்பை ஆராய்ந்து யாருக்கு என்ன பயன் என்று கேட்டு நிதியை மறுப்பது எளிது. அப்படிக் கேட்பவர்களிடம் நான் பெனிடாயினைத்தான் காட்டுவேன். வலிப்பு நோய்க்குத் தரப்படும் இந்த மருந்து, மூடி அடைத்த நிலையில் உள்ள சோடியம் கால்வாய்களைப் பற்றிக்கொண்டு அவை மீள்வதைத் தாமதப்படுத்துகிறது; நிதானமாகத் துடிக்கும் நரம்பணுவை அதிகம் தொடாமல், வெறிகொண்டு அடுத்தடுத்துத் துடிப்பதையே அடக்குகிறது.