நடக்க முடிகிறது என்பதால் முழங்கால் ஜவ்வு தப்பிவிட்டது என்று அர்த்தமில்லை

செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) சீசன் முடிகிற ஏப்ரல், மே மாதங்களில் ஸ்போர்ட்ஸ் பிசியோதெரபி கிளினிக்குகளுக்கு வரும் கால்பந்து வீரர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று. ஆடுவது மிட்ஃபீல்டில். "ஜனவரியில திரும்பும்போது முட்டியில டப்புன்னு ஒரு சத்தம் சார். ரெண்டு வாரம் வீங்கியிருந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு. ஆடிட்டுத்தான் இருக்கேன். இப்பதான் அடிக்கடி முட்டி நழுவுது." எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தால் முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல் ஜவ்வு முழுதாகக் கிழிந்திருக்கிறது. கூடவே மூட்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் உள்பக்க மெனிஸ்கஸும் கிழிந்து, எலும்பின் மேலிருக்கும் குருத்தெலும்பும் தேய ஆரம்பித்திருக்கிறது. ஜனவரியிலேயே வந்திருந்தால் பெரும்பாலும் அந்த ஒரு ஜவ்வோடு போயிருக்கும். மற்ற சேதம் நடுவில் ஆடிய ஆட்டங்களில் சேர்ந்தது. பிசியோதெரபிஸ்டான நான் இதை இனியும் வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஐ.எஸ்.எல் (இந்தியன் சூப்பர் லீக்) வீரர்களுக்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கு டாக்டரும் பிசியோவும் கிளப்பிலேயே இருக்கிறார்கள். சென்னை சீனியர் டிவிஷன், ஐ-லீக் 3, ஐ-லீக் 2 போன்ற கீழ் லீக்குகளில் ஆடுகிறவர்களின் நிலை வேறு. ஒப்பந்தம் சில மாதங்களுக்குத்தான். மிச்ச மாதங்களுக்குக் கேரளத்தில் மலப்புறம் பக்கம் செவன்ஸ். அறுவடை முடிந்த வயலிலும் கெட்டித் தரையிலும், தற்காலிக கேலரிக்கு நடுவே ராத்திரி வெளிச்சத்தில் ஆட்டம். ஆடினால் அன்றைக்குக் காசு, ஆடாவிட்டால் இல்லை. குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை கடற்கரையிலிருந்து வருகிற பையன்களில் பலருக்கு வீட்டு வருமானமே அதுதான். அதனால் "ஏன் ஆடினாய்?" என்று அவர்களைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் ஆடச் சொன்னவர்கள் மீது கோபம் இருக்கிறது.

மிட்ஃபீல்டர் ஒருவர் முழு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுவார். ஓடும் தூரத்தை விடத் திரும்பும் எண்ணிக்கைதான் முழங்காலுக்கு முக்கியம். இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டங்களை அளந்த ஓர் ஆய்வில், வீரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் சராசரியாகச் சுமார் 700 முறை திரும்புவதும் வளைவதுமாக இருந்தார். செவன்ஸில் மைதானம் சிறிது, ஆளும் குறைவு, பந்து காலுக்கு வந்துகொண்டே இருக்கும். நேராக ஓட இடமே இல்லாத ஆட்டம் அது.

இப்போது அந்த ஒரு தப்பெண்ணத்துக்கு வருகிறேன். "ஜவ்வு போயிருந்தா நடக்கவே முடியாதே சார். நான் நடக்கிறேனே, ஓடுறேனே!" இதை வீரர் சொல்கிறார், அப்பா சொல்கிறார், கோச்சும் சொல்கிறார். அத்தனையும் தவறு. ஏ.சி.எல் முழுதாக அறுந்தவர் நடக்கலாம். மாடிப்படி ஏறலாம். பைக் ஓட்டலாம். மூன்று நான்கு வாரத்தில் நேர்கோட்டில் நன்றாக ஜாக்கிங்கும் போகலாம். ஏனென்றால் இவை எதற்கும் அந்த ஜவ்வு பெரிதாகத் தேவையில்லை. அதன் வேலை, கால் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மேலே திரும்பும்போது முட்டிக்குக் கீழே உள்ள கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுகாமலும் பிடித்துக்கொள்வது. மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடவிட்டு "பார்த்தீங்களா, ஒண்ணுமில்ல" என்று சொல்கிற கோச், அந்த ஜவ்வைச் சோதிக்கவே இல்லை.

வலி குறைந்திருப்பதும் ஜவ்வு நன்றாக இருப்பதற்கு அடையாளம் அல்ல. அறுந்த ஜவ்வு தொடர்ந்து வலித்துக்கொண்டிருக்காது. முதல் வாரத்து வலிக்குக் காரணம் மூட்டுக்குள் கசிந்த ரத்தமும் எலும்பில் பட்ட அடியும். இரண்டும் சில வாரங்களில் வடிந்துவிடும். வடிந்ததும் "ஆறிவிட்டது" என்று நினைத்து ஆடப்போகிறார்கள். அதன்பிறகு முட்டி ஒருமுறை நழுவினால், நடுவே மாட்டிக்கொள்வது மெனிஸ்கஸ். ஒவ்வொரு நழுவலுக்கும் ஒரு விலை உண்டு. போன மெனிஸ்கஸ் முழுதாகத் திரும்பி வருவதில்லை. முப்பது வயதுக்காரருக்கு முட்டித் தேய்மானம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் இவை: யாரும் மோதாமலே, திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ அடிபட்டது. டப்பென்ற சத்தம் கேட்டது அல்லது உணர்ந்தது. ஆட்டத்தைத் தொடர முடியவில்லை. இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் முட்டி பந்து போல வீங்கியது. இவ்வளவு சீக்கிரம் வீங்கினால் உள்ளே ரத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மெதுவாக வரும் வீக்கம் வேறு வகை. இந்த நேரக் கணக்கு எங்களுக்கு ஸ்கேனுக்கு நிகரான தகவல். அதனால் எப்போது வீங்கியது என்று ஞாபகம் வைத்துச் சொல்லுங்கள்.

அன்று இரவு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மறுபடி களத்தில் இறங்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்குக்கூட. கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம். நடக்கும்போது வலித்தால் ஊன்றுகோல் எடுங்கள். பாதம் மரத்துப்போனாலோ, சில்லிட்டாலோ, முட்டி மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீவி விடாதீர்கள். தயவுசெய்து. ரத்தம் கட்டிச் சூடாக இருக்கும் முட்டியில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் கசிவுதான் கூடும். இறுக்கிக் கட்டு போட்டு மூன்று வாரம் அசைக்காமல் வைத்தால் ஜவ்வு ஒட்டிக்கொள்ளாது. தொடைத் தசை வற்றும், முட்டி நீட்ட வராமல் இறுகும். பிறகு அறுவை சிகிச்சைக்கு முன் அந்த இறுக்கத்தை எடுக்கவே ஒரு மாதம் போகிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களையும் சொல்லியாக வேண்டும். சோதித்துப் பார்க்காமல் பதினைந்து நாள் ஐ.எஃப்.டி (மின்னோட்டச் சிகிச்சை), அல்ட்ராசவுண்ட் வைத்து அனுப்புவது சிகிச்சையே அல்ல. கீழ்க்காலைக் கையால் முன்னால் இழுத்து ஜவ்வின் தளர்வைப் பார்க்கும் லாக்மன் சோதனை செய்ய இரண்டு நிமிடம் போதும். வீக்கத்தில் தசை விறைத்திருந்து தெளிவாகத் தெரியாவிட்டால், ஏழு முதல் பத்து நாள் கழித்துத் திரும்பச் செய்யுங்கள்.

எக்ஸ்ரே எடுத்து "எலும்பு முறியல, ஒண்ணுமில்ல" என்று அனுப்பப்பட்டவர்களும் நிறைய. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எலும்பு முறிவு இல்லை என்பதை மட்டும்தான் அது சொல்லும். எம்.ஆர்.ஐ தேவை. அந்த ரிப்போர்ட்டில் "பார்ஷியல் டேர்" (பகுதிக் கிழிசல்) என்று இருந்தால் பாதி ஜவ்வு மிச்சம் இருக்கிறது, ஆடலாம் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். முட்டி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைக் கையால் சோதித்துத்தான் சொல்ல முடியும். படத்தையும் சோதனையையும் சேர்த்துப் பார்ப்பவரிடம் காட்டுங்கள். ஸ்கேன் சி.டி.யைத் தொலைக்காதீர்கள்.

அடுத்தது ஊசி. ஆட்டத்துக்கு முன் வலி ஊசி போட்டு இறக்கிவிடுவது ரொம்ப சகஜமாகிவிட்டது. வலி மறைந்த முட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. அந்த ஊசி ஸ்டீராய்டாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022 ஜனவரி 1 முதல், குளுக்கோகார்டிகாய்டு மருந்துகளை மூட்டுக்குள் உட்பட எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் அது உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் வருகிறது. முன்னனுமதி இல்லாமல் போட்டுக்கொண்டு, பரிசோதனையில் மாட்டினால் "டாக்டர் போட்டார், எனக்குத் தெரியாது" என்பது பதிலாகாது. மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள்.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் கட்டாயமா? இல்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், முதலில் பயிற்சி மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து ஆண்டுகள் வரை அறுவை இல்லாமலே சமாளித்தார்கள். ஆனால் தொழில்முறை விளையாட்டு வீரர்கள் அந்த ஆய்வில் இல்லை. முதுகைக் கோல் பக்கம் வைத்துப் பந்தை வாங்கி அரைத் திருப்பத்தில் வெளியேற வேண்டிய மிட்ஃபீல்டருக்குப் பெரும்பாலும் அறுவைதான் வழி. அவசரம் வேண்டாம். வீக்கம் வடிந்து, முட்டி முழுதாக நீண்டு, தொடைத் தசை வேலை செய்ய ஆரம்பித்தபின் செய்வதே நல்லது. முட்டி பூட்டிக்கொண்டிருந்தால் மட்டும் கதை வேறு, அதைச் சீக்கிரம் பார்த்தாக வேண்டும்.

அறுவைக்குப் பின்தான் நிஜமான வேலை. முதல் இரண்டு வாரத்தில் மற்றக் கால் அளவுக்கு முட்டி நீண்டாக வேண்டும். இதைக் கோட்டைவிட்டவர் பிறகு நொண்டித்தான் ஓடுவார். மெனிஸ்கஸையும் தைத்திருந்தால் நாலிலிருந்து ஆறு வாரம் வரை எடை ஊன்றுவதிலும் மடக்குவதிலும் கட்டுப்பாடு இருக்கும். சர்ஜன் சொன்னதைத் தாண்டாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரையான காலம் மோசமானது. வலி இருக்காது, நடை சீராகிவிடும். ஆனால் அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக அறுவையில் உள்ளே வைத்த ஒட்டுத் திசு அப்போதுதான் மிகவும் பலவீனமாக இருக்கும். "நல்லாத்தான் இருக்கு" என்று நண்பர்களோடு டர்ஃபில் இறங்கி அறுத்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். ஜாக்கிங் சுமார் மூன்று, நான்கு மாதத்தில். போட்டி ஆட்டம் ஒன்பது மாதத்துக்கு முன் கிடையாது.

ஒன்பது மாதம் என்பது யாரோ வசதிக்காகச் சொன்ன எண் அல்ல. நார்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த ஆய்வில், ஒன்பது மாதம் வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்குள் ஆட்டத்துக்குத் திரும்பும் வீரர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர், அதே முட்டியிலோ மற்ற முட்டியிலோ மறுபடி ஜவ்வை இழக்கிறார். மாதக் கணக்கு மட்டும் போதாது. தொடைத் தசை வலுவும், ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் நல்ல காலோடு ஒப்பிட்டால் குறைந்தது 90 சதவீதம் வர வேண்டும். மிட்ஃபீல்டரை நான் களைத்தபின்னும் தாண்டச் சொல்வேன், ஏனென்றால் அவர் எண்பதாவது நிமிடத்திலும் திரும்பியாக வேண்டும்.

இரவிபுத்தன்துறையிலிருந்து சென்னை சிட்டி கிளப் வழியாக ஐ.எஸ்.எல் வரை போன மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுவதையும் இழந்தார். பெரிய கிளப்பில் அதற்கு இடம் இருக்கிறது. கீழ் லீக் வீரருக்கு ஒன்பது மாதம் என்றால் ஒப்பந்தமே முடிந்துபோகிற காலம். அதனால்தான் மறைக்கிறார்கள். ஆனால் அடுத்த கிளப்பின் பிசியோ கை வைத்ததும் தெரிந்துவிடும், மறைக்க முடியாது. அதைவிட, அடிபட்ட அன்றே மேனேஜருக்கு வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ எந்த ஆட்டம், எந்த நிமிடம், எந்தக் கால் என்று எழுதி அனுப்புங்கள். ஒப்பந்தத்தின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். அதில் சிகிச்சைச் செலவு யாருடையது, காயக் காலத்தில் சம்பளம் உண்டா என்ற இரண்டு வரியும் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். செவன்ஸில் இப்படி எழுத்தில் எதுவும் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் ஆட்டக் காசில் ஒரு பங்கை எடுத்துச் சொந்தமாக மருத்துவக் காப்பீடு போடுங்கள், விளையாட்டுக் காயம் அதில் அடங்குமா என்று கேட்டே போடுங்கள். காப்பீடு இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் முதல்வர் காப்பீட்டுத் திட்ட மேசையில் கேளுங்கள்.

கோச்சுகளுக்கு: "ஃபிஃபா 11+" வார்ம்-அப்புக்கு இருபது நிமிடம்தான் ஆகும். பந்தைத் தவிர வேறு கருவி வேண்டாம், 15 பயிற்சிகள். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் அணிகளில் இதைச் செய்தவர்களுக்கு மொத்தக் காயங்கள் 46 சதவீதம் குறைந்தன. வாரம் இரண்டு முறையாவது செய்ய வேண்டும், அதுவும் ஒழுங்காக. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று நீங்கள் நின்று பார்க்காவிட்டால் அந்த இருபது நிமிடமும் வீண். இரண்டு ரவுண்டு ஓட்டமும் குனிந்து கால் விரலைத் தொடுவதும் வார்ம்-அப் ஆகாது. கெட்டித் தரையிலும் டர்ஃபிலும் நீளமான பிளேட் ஸ்டட் (அடிப்பக்க முளை) உள்ள பூட்ஸ் போட விடாதீர்கள். பூட்ஸ் தரையைக் கவ்விப் பிடித்தால் முறுக்கு முழுவதும் முட்டிக்கு வரும். சின்னச் சின்ன ஸ்டட் நிறைய உள்ள டர்ஃப் ஷூ வாங்கச் சொல்லுங்கள். வாங்க வசதியில்லாத பையனுக்கு கிளப் வாங்கிக் கொடுக்கட்டும். ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் ஒவ்வொருவரின் முட்டியையும் ஒருமுறை பாருங்கள். வீங்கியிருந்தால், அவன் எவ்வளவு மன்றாடினாலும் அன்று மாலை அணிப் பட்டியலில் அவன் பெயர் இருக்கக் கூடாது.