ரிப்போர்ட்டுகளை ஒரே தாளில் கோடாகக் கீறிப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் பின்னேரம் டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது முன்கூட்டியே நம்பர் எடுத்து, வருகிறவர்களில் பலரின் கையில் ஒரு சொப்பிங் பேக் தொங்கும். ரிப்போர்ட்டுகள், மருந்துத் துண்டுகள், மடங்கிப்போன ஈசிஜி, கிளினிக் கொப்பி. "எல்லாம் இதுக்குள்ள இருக்கு டொக்டர்" என்று மேசையில் வைப்பார்கள். இருக்கும்தான். வெளியே அத்தனை பேர் நம்பரோடு காத்திருக்க, எதை முதலில் பிரிப்பது?

எனக்கு ஒரு நாள் கணக்கு போதாது, போக்குத் தெரியவேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் நாலு வருஷத்தில் 0.7இலிருந்து 1.1க்கு ஏறியிருக்கும், ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தனித்தனியே 'நோர்மல்' என்றே சொல்லியிருக்கும். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். மிட்வைஃப் மிஸ்ஸி நிறை பார்த்து, பிள்ளையின் கார்டில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாரே, அதேதான். நாற்பது வயதில் சீனி வருத்தம் வந்தால் மட்டும் ஏனோ ஒருவரும் கோடு கீறுவதில்லை.

சதுரக் கொப்பியில் ஒரு தாளைக் கிழியுங்கள். குறுக்கே மாதமும் வருஷமும். மேலே சீனியோ பிரஷரோ, புள்ளி புள்ளியாக. அதற்கு நேர்கீழே குளிசைகள்: தொடங்கிய நாளிலிருந்து விட்ட நாள் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. வாட்டில் நின்றது, ஒப்பரேஷன், வீட்டில் நடந்த சாவு எல்லாம் அடியில்.

ஒரு அன்ரியின் மகள் இப்படிக் கீறிக்கொண்டு வந்தார். சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, 7ஐச் சுற்றியே நின்றது திடீரென்று 9ஐத் தாண்டியிருந்தது. "அம்மா சோத்தைக் குறைக்கிறா இல்ல டொக்டர்" என்பது மகளின் முறைப்பாடு. ஆனால் அந்த ஏற்றத்துக்குச் சற்று முன்னே, பென்சிலால் ஒரு புதுக் கோடு தொடங்கியிருந்தது: மூட்டு வலிக்கு வேறொரு இடத்தில் கொடுத்த பிரெட்னிசலோன். அது ஒரு ஸ்டீரொய்ட்; சீனியைக் கூட்டும். அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது; படிப்படியாகத்தான் குறைத்தோம். பாவம், சோற்றுக்குத்தான் வீண் பழி.

கனடாவில் பிள்ளைகளோடு நின்றுவிட்டு வருகிறவர்கள் அலகையும் எழுதவேண்டும். அங்கே சீனி 7 என்றால் இங்கே 126. அவர்களுடையது மில்லிமோல், நம்முடையது மில்லிகிராம். 18ஆல் பெருக்கிவிட்டுப் புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் கோடு பாதாளத்துக்குப் போய்விடும்! நாட்டு மருந்து குடித்தால் அதற்கும் ஒரு கோடு வேண்டும். ஏசமாட்டேன்.

போனில் ஆப் இருக்கிறதே என்பார்கள் பேரப்பிள்ளைகள். இருக்கட்டும், தாளையும் மடித்து வைத்திருங்கள். மருந்தின் பெயரைப் பெட்டியில் உள்ளபடி ஆங்கிலத்திலேயே எழுதினால், சிங்கள டொக்டரிடம் போனாலும் பாதிக் கதையைத் தாளே சொல்லிவிடும். நெஞ்சு எப்படி நோகிறது என்பதைச் சொல்ல மட்டும் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.