நலொக்சோன்: ஒரு மெதைலை மாற்றியதும் எதிரியாகிப்போன அபின்

கொழும்பில் ‘குடு’ என்று சொல்கிற ஹெரோயினும், அதை அளவுமீறி ஏற்றி மூச்சு அடங்கிப்போகிறவரைச் சில நிமிடங்களில் எழுப்பிவிடுகிற நலொக்சோன் மருந்தும் ஒரே அபின் செடியின் வழிவந்தவைதான். இரண்டின் மூலக்கூறையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள், வளையங்களின் அடுக்கு அப்படியே ஒத்துப்போகும்.

அபின் பாலில் மோர்பின், கோடீன் எல்லாவற்றோடும் தீபெயின் என்று ஒன்று இருக்கிறது. பண்டைய எகிப்தின் தீப்ஸ் நகரத்தை வைத்து வந்த பெயர். தீபெயின் வலியைக் குறைக்காது, வலிப்பைத்தான் வரவைக்கும். ஆனால் இரசாயனவியலாளருக்கு அது நல்ல மூலப்பொருள். அதிலிருந்து ஒக்சிமோர்போன் செய்யலாம், அது மோர்பினையும் விடக் கடுமையான வலிநிவாரணி. அதன் நைதரசனில் ஒரு மெதைல் கூட்டம், அதாவது மூன்று ஐதரசனோடு ஒரு காபன், இருக்கும். அதைக் கழற்றினால் பெயருக்கு முன்னால் ‘நோர்’ சேரும். கழற்றிய இடத்தில் மூன்று காபன் கொண்ட, ஓர் இரட்டைப் பிணைப்புள்ள அலைல் கூட்டத்தை வைத்தால் என்-அலைல்-நோர்ஒக்சிமோர்போன். உயர்தரத்தில் சேதன இரசாயனம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டவேண்டும்: இந்த நீளப் பெயரைக் கத்தரித்துத்தான் நலொக்சோன் என்று வைத்தார்கள், கடைசியில் நிற்கிற ‘ஓன்’ அது ஒரு கீற்றோன் (இரண்டு காபன்களுக்கு நடுவிலுள்ள காபனில் ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த சேர்வை) என்பதைச் சொல்கிறது. ஜாக் ஃபிஷ்மனும் மோசஸ் லெவென்ஸ்டைனும் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கேட்டது 1961 இல். அங்கே மருந்தாக அனுமதி கிடைத்தது 1971 இல்.

சரி, அந்த அலைல் என்னதான் செய்கிறது? ஹெரோயின் உடலுக்குள் போய் மோர்பினாக மாறி, மூச்சை நடத்துகிற மூளைத்தண்டில் உள்ள மியூ வாங்கிகளில் (அபின் வகைப் பொருட்கள் போய் ஒட்டுகிற, கலத்தின் மேலுள்ள புரதங்கள்) ஒட்டி அவற்றை இயக்கிவிடும், மூச்சு மெல்ல மெல்லக் குறையும். நலொக்சோன் அதே வாங்கியில் இன்னும் இறுக்கமாக ஒட்டும், ஆனால் இயக்காது. 138ஆம் இலக்க பஸ்ஸில் ஓட்டத் தெரியாத ஒருவர் சாரதி ஆசனத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி, இடம் நிரம்பிவிட்டது, வண்டி நகராது. இடமில்லாமல் மோர்பின் விலக, மூச்சு திரும்பும்.

விழுங்கினால் பெரிதாகப் பயனில்லை, ஈரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதனால்தான் ஊசியாக அல்லது மூக்கில் தெளிப்பாகக் கொடுக்கிறார்கள். அதன் வேலை பெரும்பாலும் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் தீர்ந்துவிடும், உடலில் மிஞ்சிய அபின் பொருள் திரும்பவும் மூச்சை அடக்கலாம். எழும்பிவிட்டார் என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ‘ஐஸ்’ (மெதாம்பெட்டமின்) போதைக்கு இது வேலை செய்யாது, அது மியூ வாங்கிகளின் விஷயமே இல்லை.