வெட்டிச் சாய்த்தால் தழைக்கும் வேலி

மணிக்கட்டுப் பருமன் உள்ள முள்மரத் தண்டு ஒன்றை அடியில் முக்கால்வாசிக்கும் மேல் வெட்டி, மிச்சமிருக்கும் நாக்கு மாதிரியான ஒரு பட்டையோடு பக்கவாட்டில் சாய்த்துப் போட்டால் என்ன ஆகும்? விறகாகும் என்றுதான் யாரும் சொல்வோம். இங்கிலாந்துக் கிராமங்களில் நூற்றாண்டுகளாகக் குளிர்காலத்தில் இதைத்தான் செய்கிறார்கள், அதுவும் வேலி சாகக் கூடாது என்பதற்காக. சாய்த்த தண்டு வசந்தத்தில் துளிர்க்கிறது, வெட்டுப்பட்ட அடிக்கட்டையிலிருந்து புதுக் கிளைகள் கொத்துக் கொத்தாகக் கிளம்புகின்றன, சில வருடங்களில் மாடு மூக்கை நுழைக்க முடியாத அளவுக்கு வேலி இறுகிவிடுகிறது. இதற்கு ஹெட்ஜ்லேயிங் என்று பெயர். நாம் வேலி சாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் இந்த வேலிகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம். இங்கிலாந்து வயல்களின் படங்களில் பச்சைக் கோடுகளாகத் தெரிபவை பெரும்பாலும் ஹாதார்ன் என்ற முள்மரம், கூடவே பிளாக்தார்ன், ஹேசல், ஃபீல்டு மேப்பிள், காட்டு ரோஜா. சில வேலிகள் ரொம்பப் பழசு. ஆனால் நாம் ரசிக்கிற அந்தச் சதுரம் சதுரமான அமைப்பில் பெரும்பகுதி 1750க்கும் 1850க்கும் இடையில், பொது மேய்ச்சல் நிலங்களை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தபோது நட்டது. ஊர்ப் பொதுவில் ஒரு பசுவை மேய்த்துப் பிழைத்த ஏழைக்கு அந்த வேலி அழகாகத் தெரிந்திருக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய இயந்திரங்களுக்கு வழிவிட ஏகப்பட்ட வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அப்படியும், விமானத்திலிருந்து லேசரால் அளந்து 2024இல் வெளியிட்ட வரைபடத்தின்படி இங்கிலாந்தில் மட்டும் சுமார் 3,90,000 கிலோமீட்டர் வேலி இருக்கிறது.

சரி, நட்ட வேலியை ஏன் வெட்ட வேண்டும்? ஹாதார்ன் அடிப்படையில் ஒரு மரம், புதர் வேலையை மனிதர்கள்தான் அதன் தலையில் கட்டியிருக்கிறார்கள். சும்மா விட்டால் உயரமாகப் போகும், உச்சியில் தழை கூடும், அந்த நிழலில் கீழ்க்கிளைகள் காய்ந்து உதிரும். கொஞ்ச வருடம் கழித்துப் பார்த்தால் வரிசையாக நிற்கும் மரங்கள்தான் இருக்கும், இடைவெளியில் ஆடு தாராளமாகப் போய்வரும். மேலே கத்தரித்துக்கொண்டே இருந்தாலும் இது தீராது. வருடா வருடம் ஒரே உயரத்தில் வெட்டினால் வெட்டுகிற இடம் முடிச்சு முடிச்சாகப் பருத்து, வேலி தலை கொழுத்துக் கால் சூம்பிப் போகும்.

வேலி சாய்ப்பு நடப்பது இலை உதிர்ந்த பிறகு, ஏறக்குறைய அக்டோபரிலிருந்து மார்ச் வரை. கருவி பில்ஹுக், அதாவது குட்டைக் கைப்பிடி போட்ட, முனை வளைந்த, கனமான அரிவாள். பெரிய தண்டுகளுக்கு இப்போது செயின்சாவும் உண்டு. முட்கொடிகளையும் பக்கக் கிளைகளையும் கழித்துவிட்டுத் தண்டை வெட்ட ஆரம்பிப்பார்கள், ஆனால் குறுக்கே இல்லை. கொஞ்சம் மேலே தொடங்கி, தண்டின் நீளவாக்கில் சாய்வாக, தரைக்குச் சில அங்குலம் மேலே வரை வெட்டு இறங்கும். இதில் சுவாரசியமான ஒரு இயற்பியல் இருக்கிறது. ஒரு பட்டை வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது: பாதியாகச் சீவினால் எதிர்ப்பு எட்டில் ஒரு பங்கு, கால்வாசியாகச் சீவினால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. வெட்டு நீளமாக இருப்பதால் வளைவும் ஒரே புள்ளியில் விழாமல் நீளம் முழுக்கப் பரவுகிறது. குறுக்கே வெட்டியிருந்தால் அந்த ஒரு இடத்தில் படக்கென்று ஒடிந்திருக்கும். கடும் உறைபனி நாளில் இந்த வேலையைத் தொடமாட்டார்கள், ஏனென்றால் உறைந்த மரம் வளையாது, உடையும்.

சாய்க்கும்போது தண்டைத் தரையில் படுக்கப் போடுவதில்லை, நுனி மேல்நோக்கி இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஒருச்சாய்த்து அடுக்குகிறார்கள். சரிவான நிலமாக இருந்தால் மேட்டுப் பக்கமாகத்தான் சாய்ப்பு. பள்ளத்துப் பக்கம் என்றால் அதிகம் வளைக்க வேண்டியிருக்கும், நாக்கு கிழியும். அப்புறம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, உச்சியில் ஹேசல் குச்சிகளை முறுக்கிப் பின்னிவிடுவார்கள். மிட்லண்ட்ஸ் பகுதியில் கொழுத்த காளைகள் சாய்ந்து தள்ளினாலும் தாங்குகிற மாதிரி ஒரு பாணி, ஆடு மேய்கிற வேல்ஸ் பக்கம் அடியில் நெருக்கமான இன்னொரு பாணி, டெவனில் மண்கரையின் மேல் வேறொன்று. கைதேர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் இருபது மீட்டர் முடித்தாலே பெரிது.

இனி, சாகாமல் இருப்பதன் ரகசியம். முதிர்ந்த தண்டின் நடுவில் இருக்கும் வைரம், அதாவது இறுகிப்போன உள்கட்டை, தாங்கிப் பிடிக்க மட்டும்தான், தண்ணீர் கடத்துவதை அது எப்போதோ நிறுத்திவிட்டது. உயிரோட்டம் எல்லாம் ஓரத்தில். மரப்பட்டைக்கு உள்பக்கம் சர்க்கரையைக் கொண்டுபோகும் ஃபுளோயம், அதை ஒட்டிப் புதுச் செல்களை உண்டாக்கும் மெல்லிய கேம்பியம், அதற்கும் உள்ளே தண்ணீர் ஏறும் இளம் சைலம் வளையங்கள். விரல் அகல நாக்கு மிஞ்சினாலும் இந்த மூன்றும் அதில் இருக்கும். சுற்றளவின் பெரும்பகுதி போய்விட்டதே, தண்ணீர் போதுமா என்றால், இலை இல்லாத குளிர்காலத்தில் தேவையே சொற்பம். வசந்தத்தில் கேம்பியம் விழித்ததும் நாக்குக்குள் புது சைலத்தை அடுக்கி அதைத் தடிமனாக்கத் தொடங்கிவிடும். பச்சை இலையோடு ஜூலையில் இதைச் செய்து பாருங்கள், தண்டு வாடிவிடும்.

துளிர்ப்பது ஏன்? மரத்தின் நுனி, கீழே உள்ள மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. பள்ளிப் பாடத்தில் நுனி ஆதிக்கம் என்று படித்திருப்பீர்கள். நுனியிலிருந்து கீழே இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன்தான் அடக்குகிறது என்று 1930களிலிருந்து சொல்லிவந்தார்கள். 2014இல் பட்டாணிச் செடியில் ஆய்வு செய்த ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கதையில் இன்னொரு பாத்திரத்தைக் காட்டினார்கள். நுனியைக் கிள்ளியதும், ஆக்சின் குறைந்த சேதி கீழே வந்து சேர்வதற்கு முன்பே மொட்டுகள் வளர ஆரம்பித்துவிட்டன, காரணம் நுனி உறிஞ்சிக்கொண்டிருந்த சர்க்கரை இப்போது அவற்றுக்குக் கிடைத்ததுதான். வேலியில் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சாய்த்த தண்டில் நுனியின் பிடி தளர்ந்து மேல்பக்க மொட்டுகள் வரிசையாக எழுகின்றன. அடிக்கட்டையிலோ, முழு மரத்துக்கென்று வளர்ந்த வேர் அப்படியே இருக்கிறது, குளிர்காலத்துக்குச் சேமித்த மாவுச்சத்தும் இருக்கிறது, அதிகாரம் செய்ய நுனிதான் இல்லை.

உண்மையில் வருங்கால வேலி அந்த அடிக்கட்டைத் துளிர்கள்தான். சாய்த்துப் போட்ட தண்டுகள், அந்தத் துளிர்களை மாடு மேய்ந்துவிடாமல் காக்கும் தற்காலிகத் தடுப்பு. முளைக்குச்சிகள் மக்கி விழுவதற்குள் துளிர்கள் தாமாகவே நிற்கும் அளவுக்குத் தேறிவிடும். பதினைந்து இருபது வருடம் கழித்து மறுபடி சாய்த்தால் போதும்.

ஹாதார்ன் பூவுக்கு இங்கிலாந்தில் மே என்றே பெயர். முன்பு மே முதல் தேதித் திருவிழாவை ஒட்டிப் பூத்தது. 1752இல் நாள்காட்டியை மாற்றி 11 நாட்களைக் கழித்ததால் திருவிழா பூவை முந்திக்கொண்டு வந்துவிட்டது. இப்போது பருவநிலை சூடாகிக்கொண்டு வருவதால், தெற்கில் பல வருடங்களில் ஏப்ரலிலேயே பூத்துவிடுகிறது. இந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு விழும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு, அதற்குப் பின்னாலும் கொஞ்சம் வேதியியல் இருக்கிறது: பூவில் உள்ள டிரைமெத்திலமைன், அழுகும் உடலிலிருந்தும் கெட்டுப்போன மீனிலிருந்தும் வருகிற அதே பொருள். பிணத்தை வீட்டில் வைத்திருந்த காலத்து மூக்குகளுக்கு அந்த வாடை நன்றாகத் தெரிந்திருக்கும்.

டெவனில் ராபர்ட் வோல்டன் என்ற சூழலியலாளர் நூறு மீட்டருக்கும் குறைவான ஒரே ஒரு வேலியில் எண்ணிப் பார்த்தபோது 2,070 உயிரினங்கள் கணக்கில் வந்தன. இவ்வளவும் தங்க வேண்டுமென்றால் அடி அடர்த்தியாக இருக்க வேண்டும், மேலே பூவும் காயும் வேண்டும். ஹாதார்ன் முந்தைய வருடத் தண்டில்தான் பூக்கும், அதனால் டிராக்டரில் கட்டிய இயந்திரத்தால் வருடந்தோறும் மழித்துவிடுகிற வேலியில் பழம் அநேகமாக இருக்காது, ஸ்காண்டிநேவியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் ரெட்விங் பறவைகளுக்குப் பட்டினிதான். பிளாக்தார்னின் இளங்கிளையில் முட்டையிடும் பிரவுன் ஹேர்ஸ்ட்ரீக் வண்ணத்துப்பூச்சியின் முட்டைகளும் அதோடு போகும். பறவைகள் கூடு கட்டும் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலியைக் கத்தரிக்க, சில விலக்குகள் தவிர, 2024 சட்டம் தடை விதித்திருக்கிறது. அது சரிதான், ஆனால் மிச்ச ஆறு மாதத்தில் மொட்டையடிப்பதை அது தடுப்பதில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கத்தரியுங்கள் என்பதுதான் சூழலியலாளர்கள் விவசாயிகளிடம் கேட்பது.

கைத்தொழிலாக இது அழிந்துவிடாமல் இருக்க 1978இல் தேசிய வேலிச்சாய்ப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள், அவர்கள் அக்டோபரில் நடத்தும் போட்டியை யாரும் போய்ப் பார்க்கலாம். போனால் மேலே இருக்கும் பின்னலில் மயங்காதீர்கள், குனிந்து அடிவெட்டைப் பாருங்கள். வேலி பிழைக்குமா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.