செங்கல்லாகிப்போன டேப்லெட் எப்படி எழுந்திருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் ஏழு அங்குல மலிவு டேப்லெட் ஒன்று இருந்தது. மென்பொருள் புதுப்பிப்பு பாதி ஓடிக்கொண்டிருந்தபோது அதன் பேட்டரி தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திரையில் வெளிச்சம் வரவில்லை. பழுதுபார்க்கும் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போர்டு போய்விட்டது" என்று கையில் கொடுத்துவிட்டார். இப்படி ஆன கருவியைச் செங்கல் என்பார்கள். எடை இருக்கும், வேறொன்றும் இருக்காது.

வீட்டுக்கு வந்து அதைக் கணினியில் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. கேபிளை மாற்றியதும் கணினி 'டிங்' என்றது. (முதல் கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆனது. தரவு போகும் கம்பிகளே அதில் இல்லை. பலருடைய மீட்பு முயற்சி இந்த இடத்திலேயே முடிந்துபோகிறது.) திரை இன்னும் கறுப்புத்தான். ஆனால் உள்ளிருந்து யாரோ கணினிக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஃபர்ம்வேர் எனப்படும் நிலைபொருள், அதாவது கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள், டேப்லெட்டின் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. அழித்து எழுதக்கூடிய இடம் அது. அதனால்தான் கெட்டும் போகிறது. ஆனால் ஃபிளாஷில் எங்கே போய் எதைப் படிக்க வேண்டும் என்பதே மின்சாரம் வந்த கணத்தில் செயலிக்குத் தெரியாது. அதைச் சொல்லித்தரும் முதல் நிரல் செயலிச் சில்லுக்குள்ளேயே, தொழிற்சாலையில் வடிக்கும்போதே பதிக்கப்படுகிறது. அதன் பெயர் பூட் ரோம் (Boot ROM). அதைத் திருத்தவோ அழிக்கவோ யாராலும் முடியாது.

2012 வாக்கில் மலிவு டேப்லெட்களில் பரவலாக இருந்த ஆல்வின்னர் ஏ13 சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் பூட் ரோம் முதலில் மெமரி கார்டைப் பார்க்கும். தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளி, எட்டு எழுத்து அடையாளக் குறி ஒன்று இருக்கிறதா, நிரல் சிதையவில்லை என்று காட்டும் கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று சோதிக்கும். இல்லையென்றால் ஃபிளாஷில் தேடும். அங்கும் இல்லையென்றால் யூஎஸ்பி வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த நிலைக்கு ஃபெல் என்று பெயர். இந்த நிலையில் அதற்குத் தெரிந்த முக்கிய வேலைகள் மூன்று: சொன்ன முகவரியில் பைட்டுகளை எழுதுவது, சொன்ன முகவரியிலிருந்து படிப்பது, சொன்ன முகவரியிலிருந்து ஓடத் தொடங்குவது.

அப்படியானால் புது ஃபர்ம்வேரை முழுதாக அனுப்பிவிட வேண்டியதுதானே? முடியாது. பெரிய நினைவகமான டிரேம் செயலிக்கு வெளியே தனிச் சில்லாக இருக்கிறது. அதன் வேகத்தையும் கால இடைவெளிகளையும் யாராவது அமைத்துத் தரும்வரை அதில் ஒரு பைட்டைக்கூட நம்பி வைக்க முடியாது. அந்த அமைப்பு விவரமும் அழிந்துபோன ஃபிளாஷில்தான் இருந்தது. செயலிக்குள் கையடக்கமாக இருப்பது சில பத்துக் கிலோபைட் அளவுள்ள எஸ்ரேம் என்ற சிறு நினைவகம் மட்டுமே.

அடிபம்பில் தண்ணீர் ஏறாதபோது மேலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போமே, அதுதான் இங்கும் வழி. கணினி முதலில் ஒரு மிகச் சிறிய நிரலை எஸ்ரேமுக்கு அனுப்பி ஓடச் சொல்கிறது. அதன் ஒரே வேலை டிரேமை எழுப்புவது. டிரேம் எழுந்ததும் அதில் பெரிய நிரல் ஒன்று இறங்குகிறது. ஃபிளாஷில் எழுதத் தெரிந்தது அதுதான். அதன்பிறகே நூற்றுக்கணக்கான மெகாபைட் ஃபர்ம்வேர் கேபிள் வழியே பாய்கிறது.

அந்தச் சொம்புத் தண்ணீர் அந்தந்த மின்சுற்றுப் பலகைக்கு உரியதாக இருக்க வேண்டும். வெளிக்கூடு ஒரே அச்சாக இருக்கும், உள்ளே டிரேமும் தொடுதிரையும் வேறாக இருக்கும். நான் முதலில் ஏற்றியது அப்படிப்பட்ட வேறொரு மாடலின் ஃபர்ம்வேர். படம் வந்தது, ஆனால் இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கம் திறந்தது. மீண்டும் ஃபெல் நிலை, மீண்டும் முதல் சொம்பு. இரண்டாம் முறை சரியாக எழுந்தது, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. உள்ளே இருந்த புகைப்படங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஐபேடிலும் இதே படிக்கட்டுதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் காவலர் நிற்கிறார். அதன் பூட் ரோமில், கையொப்பங்களைச் சரிபார்க்க உதவும் ஆப்பிளின் பொதுச்சாவி பதிந்திருக்கிறது. டிஎஃப்யூ எனப்படும் கறுப்புத் திரை நிலையில் கணினி எதை அனுப்பினாலும் அதில் ஆப்பிளின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓட விடும். அந்தக் கையொப்பமும் பொதுவானது அல்ல. மீட்பு தொடங்கும்போது கணினி அந்தச் சில்லின் தனி எண்ணையும், அந்த நேரத்தில் ஐபேட் உருவாக்கிய ஒரு தற்செயல் எண்ணையும் ஆப்பிளின் சர்வருக்கு அனுப்புகிறது. அந்தக் கருவிக்கு, அந்த முறைக்கு மட்டும் செல்லும் ஒப்பம் திரும்பி வருகிறது. பழைய பதிப்புக்கு ஒப்பமிடுவதை ஆப்பிள் நிறுத்திவிட்டால், கோப்பு உங்கள் கணினியிலேயே பத்திரமாக இருந்தாலும் பயன் இல்லை. திருடர்களுக்கும் பழைய ஓட்டைகளைத் தேடுவோருக்கும் எதிரான நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் பணத்தில் வாங்கிய கருவியில் எந்தப் பதிப்பு ஓடலாம் என்பதை இன்னொருவர் முடிவுசெய்வது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

இவ்வளவு காவலுக்கும் ஒரு விபத்து நேர்ந்தது. ஏ5 முதல் ஏ11 வரையிலான ஆப்பிள் சில்லுகளின் பூட் ரோமில், அதுவும் யூஎஸ்பியைக் கையாளும் பகுதியிலேயே, கையொப்பச் சோதனையைத் தாண்டவிடும் ஒரு பிழை இருப்பது 2019 செப்டம்பரில் வெளியானது. செக்எம்8 என்று அதற்குப் பெயர். 2011இன் ஐபேட் 2 முதல் 2019இன் ஏழாம் தலைமுறை ஐபேட் வரை பல மாடல்கள் அதில் அடக்கம். ஆப்பிளின் ஏ12 சில்லில் அந்த வழி பலிக்காது. பழைய சில்லு உள்ள ஐபேடில் எத்தனை முறை ஃபர்ம்வேரை மாற்றி எழுதினாலும் அந்தப் பிழை அங்கேயேதான் இருக்கும். டேப்லெட்டைக் கைவிடாத அதே அழியாத நிரலில்தான் அது பதிந்திருக்கிறது.